ஆடிக் காற்றுக்குப் பயந்து பூவை வீட்டுக்குள் கொண்டுவந்தேன்: மேக்ரோவுக்கு வெளிச்சமும் பின்னணியும் எப்படி வைப்பது?

நொய்யல்கரை (சோமனூர்)

எல்லோருக்கும் வணக்கம். ஆடி பிறந்ததிலிருந்து எங்கள் பக்கம் காற்று ஓயவில்லை. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற காற்று பல்லடம், உடுமலை வரைக்கும் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வேலியில் பூத்த சங்குப்பூவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்றும் ஒரு படம் தேறவில்லை. அதனால் மூன்று வாரமாகப் பூவை வீட்டுக்குள் வைத்துத்தான் எடுக்கிறேன்.

ஏபிஎஸ்-சி கேமரா (நடுத்தர அளவு சென்சார்), சின்னப் பொருளைக் கிட்டே போய்ப் பெரிதாக எடுக்கிற 90 மி.மீ. மேக்ரோ லென்ஸ், ஒரு ட்ரைபாட் இருக்கிறது. ஃப்ளாஷ் ஒன்றும் உண்டு, இன்னும் சரியாகப் பழகவில்லை. அறையில் ஒரு டியூப்லைட், வடக்குப் பார்த்த ஒரு ஜன்னல். சுவருக்கு இளம்பச்சை பெயின்ட்.

மூன்று சிக்கல். கறுப்பு வெல்வெட் துணியைப் பின்னால் தொங்கவிட்டால் படத்தில் அது சாம்பலாக வருகிறது, தூசு வேறு தெரிகிறது. மல்லிகை மொக்கின் வெள்ளையில் மடிப்பு, வரி எதுவும் தெரியாமல் சுண்ணாம்பு பூசினது போல இருக்கிறது, ஓரத்தில் லேசான பச்சையும் ஏறுகிறது. மூன்றாவது, ட்ரைபாடில் வைத்து டைமர் போட்டு எடுத்தாலும் படம் கூர்மையாக இல்லை. ஃபோகஸ் சரியாகத்தான் வைக்கிறேன். எங்கே தப்பு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சத்திமல்லி (சத்தியமங்கலம்)

தம்பி, எங்கள் வீட்டில் மல்லியும் முல்லையும் போட்டிருக்கிறோம். வெள்ளைப் பூவோடு நான் பட்ட பாடு அதிகம் என்பதால் முதல் இரண்டுக்குப் பதில் சொல்கிறேன்.

கறுப்புத் துணி சாம்பலாவதற்குத் துணி காரணம் இல்லை. பூவின் மேல் விழுகிற அதே வெளிச்சம் துணியின் மேலும் விழுகிறது, அதுதான் காரணம். டியூப்லைட் மேலே சுவரில் இருக்கிறது. அதற்குப் பூவும் துணியும் ஏறக்குறைய ஒரே தூரம். கேமரா பூவுக்கு ஏற்ற மாதிரி எக்ஸ்போஷர் (படத்தில் பதிகிற வெளிச்சத்தின் அளவு) வைக்கும்போது துணியும் கூடவே வெளுக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். விளக்கு பூவிலிருந்து 30 செ.மீ., துணி விளக்கிலிருந்து 150 செ.மீ. என்று வையுங்கள். துணி ஐந்து மடங்கு தூரத்தில் இருக்கிறது, ஆக அதற்குக் கிடைப்பது 25-ல் ஒரு பங்கு வெளிச்சம். ஏறக்குறைய நாலரை ஸ்டாப் இருட்டு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). அதே விளக்கை ஒரு மீட்டர் தள்ளி வைத்துத் துணியைப் பூவுக்கு 30 செ.மீ. பின்னால் தொங்கவிட்டால் வித்தியாசம் ஒரு ஸ்டாப்கூட வராது. ஆகவே விளக்கைப் பூவுக்குக் கிட்டே கொண்டுபோங்கள், துணியை எட்டத்தில் போடுங்கள். தூரம் சரியாக இருந்தால் அடர்த்தியான நீலப் புடவைகூடக் கறுப்பாகிவிடும். இந்தக் கணக்கு சின்ன விளக்குக்குத்தான் சரி. பெரிய ஜன்னல் வெளிச்சம் இவ்வளவு வேகமாகக் குறையாது. ஜன்னலில் எடுத்தால் துணியை அறையின் இருட்டு மூலைக்குத் தள்ளிவிடுங்கள்.

வெல்வெட்டை விட்டுவிட வேண்டாம். அதன் இழை வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். கறுப்பு சார்ட் பேப்பர் அப்படியில்லை, அதில் எப்போதும் ஒரு மினுமினுப்பு இருக்கும். தூசுக்கு செலோ டேப்பைக் கையில் திருப்பிச் சுற்றிக்கொண்டு துணியின் மேல் ஒற்றி எடுங்கள்.

இனி வெள்ளைப் பூ. பெரிய, மென்மையான வெளிச்சம் வேண்டும். நான் ஜன்னலில் ஒரு பழைய பருத்தி வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கட்டிவிடுவேன். கரை ஃப்ரேமுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும், இல்லாவிட்டால் அதன் நிறம் பூவில் விழும். ஜன்னலைப் பூவுக்கு நேர் முன்னால் வைக்காதீர்கள். பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி இருக்கட்டும். இதழின் மேடு பள்ளம் நிழலால்தான் தெரியும். முன்னாலிருந்து அடிக்கிற வெளிச்சம் நிழலைத் துடைத்துவிடும், நீங்கள் சொல்கிற சுண்ணாம்பு அங்கிருந்து வருவதுதான். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் பலகை வைத்து நிழலை லேசாகத் தூக்கலாம். அதைக் கிட்டே கொண்டுவந்தும் எட்டத் தள்ளியும் பாருங்கள், அரை அடியில் பூவின் முகமே மாறும்.

பச்சை, உங்கள் சுவரிலிருந்து வருவது. பூவைச் சுற்றிச் சுவர் தெரிகிற பக்கமெல்லாம் வெள்ளை அட்டையோ கறுப்பு அட்டையோ வைத்து மறையுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும். ஜன்னல் ஒரு நிறம், டியூப் ஒரு நிறம், இரண்டையும் கலந்தால் வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவதற்கான ஒயிட் பேலன்ஸ் எதை வைத்தாலும் சரிவராது.

ஆழியாறு (பொள்ளாச்சி)

சத்தி அண்ணா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கறுப்புப் பின்னணியிலேயே நின்றுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குள் எடுக்க ஆரம்பித்தவர்கள் எல்லாம் முதலில் கறுப்புக்குப் போகிறார்கள், அப்புறம் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கிறார்கள். மல்லிகைக்குக் கறுப்பு சரி, அது இரவுப் பூ. ஆவாரம்பூவை ஏன் இருட்டில் வைக்க வேண்டும்? நல்ல வெயிலில், காய்ந்த மண்ணுக்கும் நீல வானத்துக்கும் நடுவே மஞ்சளாக நிற்கிற பூ அது. போகியன்று பூளைப்பூ, வேப்பிலையோடு சேர்த்துக் கூரையில் காப்புக் கட்டுகிறோம். பொங்கல் முடிந்து பூநோம்பிக்குக் கூடை எடுத்துக்கொண்டு கூட்டமாகப் போய்ப் பறித்தவர்கள் நாங்கள். அந்தப் பூ கறுப்புக்கு நடுவே வந்தால் எனக்கு அது வேறு ஊர்ப் பூவாகத் தெரிகிறது.

நான் செய்வது இதுதான். வெளியே போகும்போது காடு கரையை வேண்டுமென்றே ஃபோகஸ் இல்லாமல் எடுத்து வைத்துக்கொள்வேன். தென்னந்தோப்பின் பச்சை, அறுத்த சோளக்காட்டின் வைக்கோல் நிறம், மழைக்கு முந்தின வானம். அவற்றை ஏ3 அளவில் பளபளப்பில்லாத தாளில் பிரின்ட் போட்டு அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போது பதினாலு அட்டை இருக்கிறது. பூவுக்கு அரை மீட்டர் பின்னால் நிறுத்தினால் போதும். 90 மி.மீ. லென்ஸ் பின்னால் மிகச் சின்னப் பகுதியைத்தான் பார்க்கும், அதனால் ஏ3 தாராளம். பளபளப்புத் தாள் மட்டும் வேண்டாம், விளக்கு அதில் கண்ணாடி மாதிரி தெரியும்.

துணியும் நன்றாக வரும். நெகமம் காட்டன் புடவையை அரை மீட்டர் பின்னால் தொங்கவிட்டால் கட்டம் கரைந்து நிறம் மட்டும் நிற்கும். பவானி ஜமக்காளத்தின் பட்டை அகலமானது, அது அவ்வளவு சீக்கிரம் கரையாது. சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக மங்கித் தெரியும். தும்பைப்பூ போலச் சின்ன வெள்ளைப் பூவுக்கு அது அழகு. செம்பருத்திக்கு வைத்தால் இரண்டும் சண்டை போடும்.

முக்கியமாக ஒன்று. பின்னணிக்குத் தனி விளக்கு வையுங்கள். பூவின் விளக்கு பூவுக்கு, அட்டையின் விளக்கு அட்டைக்கு. அட்டைக்குக் கீழிருந்து ஒரு சின்ன எல்இடியைச் சாய்வாக அடித்தால் கீழே வெளிச்சமாகவும் மேலே போகப் போக மங்கலாகவும் விழும். விடிகாலை மாதிரி இருக்கும். அதே அட்டையில் விளக்கைக் குறைத்தால் சாயங்காலம்.

நொய்யல்கரை

சத்தி அண்ணா, ஆழியாறு அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். டியூப்பை அணைத்து, வேட்டி கட்டி, துணியை அறைக் கோடிக்குத் தள்ளியதும் கறுப்பு கறுப்பாகவே வந்துவிட்டது. பச்சையும் போனது. வெள்ளைப் பூவுக்குக் கேமரா தானாக வைக்கிற எக்ஸ்போஷர் சாம்பலாக்குகிறது, அதனால் ஒரு ஸ்டாப் கூட்டினேன். வெளிச்ச அளவைக் காட்டுகிற ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தை, அதாவது முழு வெள்ளையை, முட்டாமல் பார்த்துக்கொண்டேன். முதல் முறையாக இதழின் நரம்பு தெரிகிறது.

ஆனால் கூர்மை மட்டும் வரவில்லை. லென்ஸ் துவாரம் எஃப்/11, சென்சாரின் உணர்திறன் ஐஎஸ்ஓ 200, ஷட்டர் அரை விநாடி. ரிமோட்டில் அழுத்துகிறேன், ஃபேன் அணைத்திருக்கிறது, ஜன்னல் கண்ணாடி மூடியிருக்கிறது. லென்ஸிலேயே கோளாறு இருக்குமா?

கண்வலிக்கிழங்கு (தாராபுரம்)

லென்ஸை விற்பதற்கு முன் ஒரு கேள்விங்க. சோமனூர் என்கிறீர்கள். பக்கத்தில் தறி ஓடுகிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், பூவின் உருவம் அதன் நிஜ அளவிலேயே சென்சாரில் விழுகிற ஒன்றுக்கு ஒன்று அளவில் உங்கள் சென்சாரின் அகலமான சுமார் 23.5 மி.மீ. பரப்புதான் படம் முழுவதும். 24 மெகாபிக்சல் என்றால் அந்த அகலத்தில் 6000 பிக்சல். ஒரு மில்லிமீட்டருக்கு 255. பூ 0.02 மி.மீ. அசைந்தாலே ஐந்து பிக்சல் இழுத்துவிடும். கண்ணுக்கு அந்த அசைவு தெரியவே தெரியாது. அரை விநாடி ஷட்டருக்குள் தறியின் அடி எத்தனை விழும் என்று யோசித்துப் பாருங்கள்.

பூ வைத்திருக்கிற மேஜையில் ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் தண்ணீரில் தெரிகிற கோணத்தில் நின்று பாருங்கள். வட்டம் வட்டமாக நடுங்கினால் காரணம் அதுதான்.

நொய்யல்கரை

அண்ணா, தண்ணீர் நடுங்குகிறது! சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் தறிக்குடோன், எட்டுத் தறி. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே வளர்ந்ததால் அது ஓடுகிறது என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை. இன்று மதியம் கரன்ட் போன பத்து நிமிடத்தில் அதே பூ, அதே செட்டிங்கில் நாலு படம் எடுத்தேன். நாலும் ஊசி மாதிரி இருக்கிறது. கரன்ட் வந்ததும் பழையபடி மங்கல். லென்ஸில் ஒரு குறையும் இல்லை.

தறியை நிறுத்தச் சொல்ல முடியாது, அது சோறு போடுகிற வேலை. இனி என்ன செய்யட்டும்?

கண்வலிக்கிழங்கு

நிறுத்த வேண்டியதில்லை. ஃப்ளாஷ் இருக்கிறதே.

சின்ன ஃப்ளாஷில் சக்தியைக் குறைக்கக் குறைக்க அது எரிகிற நேரம் சுருங்கும். 1/16 சக்தியில் அது விநாடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் எரியும். அந்த நேரத்துக்குள் எந்தத் தறியாலும் பூவை அசைக்க முடியாது. ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 1/200 ஷட்டர் வைத்து முதலில் ஃப்ளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். முழுக் கறுப்பாக வர வேண்டும். அப்படி வந்தால் அறை வெளிச்சம் படத்தில் இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல் ஃப்ளாஷ் கொடுப்பது மட்டும்தான் படம். நடுக்கமும் போகும், சுவரின் நிறமும் பெரும்பாலும் போகும்.

ஃப்ளாஷைக் கேமரா மேல் மாட்டி நேராக அடித்தால் மறுபடி சுண்ணாம்புதான். ஒரு கம்பி ட்ரிக்கர் வாங்கி ஃப்ளாஷைத் தனியாக எடுத்துவிடுங்கள். பக்கவாட்டில், கொஞ்சம் மேலே இருக்கட்டும். நடுவில், பூவுக்கு ஒரு சாண் தள்ளி, டிரேசிங் பேப்பர் ஒட்டின சட்டம். ஒரு அடிக்கு ஒரு அடி போதும். மொக்கு விரல் நுனி அளவுதான், அதற்கு ஒரு அடித் தாள் என்பது நமக்கு ஒரு வீட்டுச் சுவர் மாதிரி. வெளிச்சம் மென்மையாக இருக்குமா கடுமையாக இருக்குமா என்பதைப் பூவின் அளவோடும் தூரத்தோடும் ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். அதே தாளை நாலடி தள்ளி வைத்தால் பூவின் கண்ணுக்கு அது சின்ன விளக்கு. ஃப்ளாஷைத் தாளோடு ஒட்டி வைக்காதீர்கள், முக்கால் அடி பின்னால் இருந்தால்தான் தாள் முழுக்க ஒரே சீராக எரியும்.

இரண்டாவது ஃப்ளாஷ் கிடைத்தால் அதைப் பின்னணிக்குக் கொடுக்காமல் பூவுக்குப் பின்னாலிருந்து கொடுத்துப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பக்கம், மூலனூர் வரைக்கும், கண்வலிக்கிழங்கு கொடி போட்டிருக்கிறோம், உங்களுக்கெல்லாம் செங்காந்தள். இதழ் அடியில் மஞ்சள், மேலே சிவப்பு, நாளாக ஆக முழுச் சிவப்பு. நெளிந்த ஓரத்தோடு மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும். முன் வெளிச்சத்தில் அது தட்டையான சிவப்பு. பின்னாலிருந்து வெளிச்சம் இதழுக்குள் ஊடுருவினால் விளக்குத் திரி எரிவது மாதிரி இருக்கும். கறுப்பு சார்ட் பேப்பரைக் குழாயாகச் சுருட்டி ஃப்ளாஷ் வாயில் மாட்டினால் லென்ஸுக்குள் நேராக அடிக்காது.

ஆனால் யார் தோட்டத்திலும் அதைப் பறித்துவிடாதீர்கள். விதைக்காக வளர்ப்பது. காலையில் ஒவ்வொரு பூவாகப் போய் கையாலேயே மகரந்தம் தடவுகிறோம். ஒரு பூ போனால் ஒரு காய் போனது. கிழங்கிலிருந்து பூ வரை அத்தனையும் விஷம், தொட்டால் கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். நான் ஒரு கிழங்கைத் தொட்டியில் வைத்து, கொடியோடு உள்ளே தூக்கிவந்து எடுக்கிறேன்.

குருத்தோலை (ஈரோடு)

பின்னணிக்கு லேப்டாப் திரையை வைக்கலாமா? இணையத்தில் நிறையப் பேர் செய்கிறார்கள்.

ஆழியாறு

வைக்கலாம், தம்பி. நானும் செய்து பார்த்தேன். திரை பூவுக்கு மிகக் கிட்டே இருந்தால் புள்ளிகள் வலை வலையாகத் தெரியும். தள்ளி வைத்தால் சரியாகிவிடும். ஆனால் திரை தானே எரிகிற பொருள், அதன் வெளிச்சம் பதிய ஷட்டர் நேரம் நீள வேண்டும். நொய்யல் தம்பி 1/200-ல் ஃப்ளாஷ் மட்டும் வைத்து எடுத்தால் திரை இருட்டாகத்தான் வரும், தறி வீட்டில் அது உதவாது. அட்டைதான் அவருக்குச் சரி, அதற்கு ஃப்ளாஷ் வெளிச்சம் போதும்.

எல்இடி, டியூப் விளக்குகளில் எடுப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கேமராவில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டு வேகமாக எடுத்தால் பின்னணியில் கிடைக்கோடாகப் பட்டை விழும். 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

லாலிரோடு (கோவை)

கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கறுப்பா நிறமா என்கிற பேச்சு நடக்கிறது, மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் (1865–1932) என்று ஒருவர் இருந்தார். பெர்லினில் வடிவமைப்பு மாணவர்களுக்குச் செடிகளின் அமைப்பைக் காட்டுவதற்காகப் பல ஆண்டுகள் மொட்டையும் சுருளையும் பெரிதாக்கிப் படம் எடுத்தார். பின்னால் பெரும்பாலும் வெறும் அட்டை, மென்மையான வெளிச்சம், அவ்வளவுதான். கண் வேறு எங்கும் போகாது. பூவின் அமைப்பைப் புரிந்துகொள்ள நடுத்தரச் சாம்பல் அட்டையைப் போல நல்லது எதுவும் இல்லை. கறுப்பில் கருமையான தண்டு மறைந்துவிடும், வெள்ளையில் மெல்லிய மகரந்தத்தாள் கரைந்துவிடும். சாம்பலில் இரண்டும் நிற்கும்.

எங்கள் மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது நிறம். முதல் படத்தில் ஒரு கிரே கார்டை (அளவிட்ட சாம்பல் அட்டை) பூ இருக்கும் இடத்தில் பிடித்து எடுத்துவிட வேண்டும். கேமரா திருத்தாமல் பதிகிற ரா ஃபைலில் அதை வைத்துத்தான் ஒயிட் பேலன்ஸ். செம்பருத்தி எடுக்கும்போது சாதாரண ஹிஸ்டோகிராமை நம்பாதீர்கள். மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டுவதைப் பாருங்கள். மற்ற இரண்டும் நடுவில் இருக்கும்போதே சிவப்பு மட்டும் முட்டி நிரம்பிவிடும். இதழ் வெறும் சிவப்புப் பூச்சாகப் போவது அதனால்தான். முக்கால் ஸ்டாப் குறைத்து எடுத்தால் நரம்பு மீளும்.

அடையாளம் காண்பதற்காக எடுக்கிற படமென்றால் இலையும் காம்பும் பூவின் பின்புறமும் வேண்டும், பக்கத்தில் ஒரு அளவுகோலும் இருக்கட்டும். பூ மட்டும் அழகாக வந்த படத்தை வைத்துக்கொண்டு செடியின் பெயரைச் சொல்ல முடியாமல் திணறிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு. கிளிசரின் கலந்த தண்ணீரைத் தெளித்துப் பனித்துளி போலக் காட்டுகிறவர்கள் அதை ஆவணப் படத்தில் தயவுசெய்து செய்ய வேண்டாம்.

குருத்தோலை

சார், அழகுக்காக எடுக்கும் படத்தில் தெளிக்கலாம் அல்லவா? துளிக்குள் பின்னால் இருக்கும் பூ தலைகீழாகத் தெரிவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

லாலிரோடு

தாராளமாக. துளி ஒரு லென்ஸ், பின்னால் இருப்பதைத் தலைகீழாகக் காட்டும். அப்போது பின்னணிப் பூவைத் துளிக்கு நேர் பின்னால், கிட்டே வைத்து, அதற்கு நல்ல வெளிச்சம் கொடுக்க வேண்டும். ஃபோகஸைத் துளியின் விளிம்பில் வைக்காமல் உள்ளே தெரிகிற உருவத்தில் வையுங்கள். வெளிச்சத்தைப் பரப்புகிற உங்கள் டிஃப்யூசரின் வடிவமும் துளியில் வெள்ளையாக விழும். சதுரச் சட்டமென்றால் சதுரம், வட்டமான தாளென்றால் சூரியன் மாதிரி.

நொய்யல்கரை

பத்து நாள் கழித்து வருகிறேன். டிரேசிங் பேப்பர் சட்டத்தைத் தறிக்குடோனில் கிடந்த மரச்சட்டத்தில் செய்தேன். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருக்கும்போது முல்லை மொக்கு எடுத்தேன். கூர்மையாக வந்திருக்கிறது. பின்னால் அக்கா சொன்ன மாதிரி நானே எடுத்து பிரின்ட் போட்ட நொய்யல் கரைப் புல், அதற்குக் கொஞ்சம் வெளிச்சம் கசியும்படி விட்டேன். சித்தப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, இந்தப் பச்சை எந்த மேடு என்று கேட்டார்.

இப்போது ஸ்டாக்கிங் பழகுகிறேன். எஃப்/8-ல் ஒரு படத்துக்குக் கூர்மை முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. எஃப்/22-க்கு இறக்கினால் மொத்தப் படமும் மசங்குகிறது. அதனால் ஃபோகஸை நகர்த்தி நகர்த்தி 30 படம் எடுத்துச் சேர்க்கிறேன். செம்பருத்தியில் சரியாக வருகிறது. சாயங்காலம் மல்லிகையில் செய்தால் இதழ் ஓரம் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. இது தறி இல்லை, ஃப்ளாஷ்தான் போட்டேன்.

சத்திமல்லி

தம்பி, பூ விரிகிறது. மல்லி மொக்கைப் பொழுது விடியும் முன்பே பறிப்போம், சாயங்காலம் தானாக மலரும். நீங்கள் 30 படம் எடுக்கிற நேரத்தில் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, லென்ஸுக்குத் தெரியும். மொக்காக வேண்டுமென்றால் காலையிலேயே எடுத்து முடித்துவிடுங்கள். விரிந்த பூ வேண்டுமென்றால் ராத்திரி முழுக்க மலர்ந்து நின்ற பிறகு எடுங்கள். இடையில் ஸ்டாக் போட வேண்டாம். ஒரே படமாக எடுத்து எது கூர்மையாக வர வேண்டும் என்று நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள்.

மார்க்கெட்டில் வாங்குகிற மொக்கு கைபட்டு ஓரம் பழுத்திருக்கும், மேக்ரோவில் அது பெரிதாகத் தெரியும். சத்திப் பக்கம் வந்தால் சொல்லுங்கள். காம்போடு கிள்ளி, ஈர வாழையிலையில் சுற்றித் தருகிறேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

நொய்யல்கரை

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் அண்ணா. விடியும் முன்பே வந்துவிடுகிறேன், பறிக்கும்போதே பார்க்க வேண்டும். அன்றைக்குத் தறியும் ஓடாது. மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டால் ஜன்னல் வெளிச்சத்திலும் ஒரு முறை எடுத்துவிடலாம்.